லாரி வராத பாதை

சைக்கிளில் தூரம் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மேட்டையும் பள்ளத்தையும் அல்ல, நிழலை. வெயில் ஏறிவிட்டால் சாலை எவ்வளவு சமமாக இருந்தாலும் கால் சொன்னபடி கேட்காது. அடுத்தது காற்று. பிறகு தண்ணீர், பஞ்சர் ஒட்டுகிற கடை, நாயை அவிழ்த்துவிடுகிற பண்ணை வீடுகள். தூரத்தைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

உங்கள் மேசையில் விரித்து வைத்திருக்கும் வரைபடத்தில் உள்ள சிவப்புக் கோடு என் கையால் போட்டதுதான். நான் மறுக்கவில்லை. என் மகளும் மருமகனும் புது ஊருக்குக் குடிபோவதற்காகப் போட்டுக் கொடுத்த பாதை அது. காலையில் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த சாலைகள். நிதானமாகப் பாருங்கள். உங்கள் உதவியாளர் அதன்மேல் தேநீர் டம்ளரை வைக்காமல் இருந்தால் நல்லது.

ஓய்வு பெறும்வரை நான் பேருந்து நிறுவனத்தில் விபத்துப் பிரிவில் இருந்தேன். எங்காவது வண்டி கவிழ்ந்தால் முதலில் ஆம்புலன்ஸ் போகும், பிறகு உங்கள் போலீஸ் ஆட்கள் போவார்கள், அதற்குப் பிறகு நான். சக்கரம் தேய்த்த தடத்தை டேப் வைத்து அளப்பேன். டிரைவர் தூங்கினாரா, பிரேக் பிடிக்கவில்லையா, குறுக்கே வந்தவர்மேல் தப்பா என்று பார்ப்பேன். ஆக, நீங்கள் இப்போது செய்துகொண்டிருப்பது என் பழைய வேலை. அவ்வளவு நன்றாகச் செய்யவில்லை, பரவாயில்லை. அந்த வேலையில் எனக்கு ஒன்று தெளிவானது. வண்டியை ஓட்டியவர் யார் என்று எல்லோரும் கேட்பார்கள். அந்த வழியாகப் போகச் சொன்னவர் யார் என்று யாரும் கேட்டதில்லை.

நீங்கள் கேட்டீர்கள். அதனால்தான் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு ஒரே மகள். அவள் நடக்கத் தொடங்கியதிலிருந்து அவள் போகிற வழியை நான்தான் முடிவு செய்தேன். பள்ளிக்கூடத்துக்கு எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும், எந்தக் கம்பத்துக்கு எதிரே சாலையைக் கடக்க வேண்டும், கல்லூரிப் பேருந்தில் எந்த வரிசையில் உட்கார வேண்டும். ஜன்னல் ஓரம் கூடாது. பக்கவாட்டில் மோதினால் ஜன்னல் ஓரம் இருப்பவர்தான் முதலில் போவார். மற்ற அப்பாக்களிடம் பயம் மட்டும்தான் இருக்கும். என்னிடம் காரணம் இருந்தது. "அப்பாவ விட்டா எனக்கு ரோட்டுல தண்டவாளமே போட்டுருவாரு" என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரித்துவிட்டு நான் சொன்ன வழியில்தான் போவாள்.

அவன் வந்த பிறகு அது நின்றது.

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தான். கண்ணைக் காட்டப் போன இடத்தில் அவளுக்குப் பழக்கம். தாட்டியான உடம்பு, சத்தமான சிரிப்பு, யாரோடும் உடனே ஒட்டிக்கொள்கிற சுபாவம். எனக்குப் படிக்கிற கண்ணாடி அவன்தான் செய்து கொடுத்தான். என் முகத்துக்கு நேரே ஸ்கேலைப் பிடித்து இரண்டு கண்ணுக்கும் நடுவே அளந்துவிட்டு, "மாமா, உங்க கண்ணு ரெண்டும் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி மாதிரி தள்ளி நிக்குது" என்றான். என் மனைவியும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் இந்தக் கோட்டை வரைந்தேன். நல்ல கண்ணாடி. வரைபடத்தில் ஓடைகளின் பெயர்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

அவன்தான் அவளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தான். கல்யாணமான புதிதில் ஒருநாள் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். அவளுக்கு இரண்டு முழங்காலிலும் தோல் உரிந்திருந்தது. இத்தனை வருடம் ஒரு கீறல் விழாமல் நான் வளர்த்த முழங்கால். அவளுக்கு அது வலித்ததாகவே தெரியவில்லை. மூச்சு வாங்க வாங்க, எங்கே விழுந்தாள், எப்படி எழுந்தாள் என்று நடித்துக் காட்டினாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்று நான் அவனிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பஞ்சும் மருந்தும் எடுத்து வந்து கொடுத்துவிட்டு என் அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பிறகு கடையை மூடுகிறேன் என்று வந்து சொன்னான். கடலோர ஊர் ஒன்றில் பெரிய கண் மருத்துவமனை. அங்கே வேலை, தங்க வீடு. சாமான்களை லாரியில் அனுப்பிவிட்டு இவர்கள் மட்டும் சைக்கிளில் போவதாகத் திட்டம். திரும்பி வருவதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அடிக்கடி வருவோம் என்று மகள் சொன்னாள், அதை எப்படிச் சொல்வார்கள் என்று உங்களுக்கும் தெரியும். அவள் போய்விடுவாள். நான் அதைப் பல நாள் உட்கார்ந்து யோசித்தேன். அந்த ஊருக்குப் போக அவளுக்கு வேறு எந்தக் காரணமும் இல்லை. அவன் ஒருவன்தான் காரணம்.

பாதை போட்டுத் தருகிறேன் என்று நானாகக் கேட்கவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவன்தான் வந்து கேட்டான்.

"மாமா, உங்கள விட்டா இந்த ரோடெல்லாம் யாருக்குத் தெரியும்? நீங்களே ஒரு நல்ல வழியாப் போட்டுக் குடுங்க. இவளுக்கு லாரின்னா உயிரே போயிரும்."

"ஃபோன்லயே வழி காட்டுமே மாப்பிள்ளை."

"அது வழி காட்டும் மாமா. அக்கறையாக் காட்டாது."

சமையலறை வாசலில் நின்று என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அவனும் ஒரே மேசையில் உட்கார்ந்து அவள் அதுவரை பார்த்ததில்லை. அவள் முகம் மலர்ந்துபோயிருந்தது. "நல்லாப் பாத்துப் போட்டுக் குடுங்க. ரெண்டு பேரும் பத்திரமாப் போய்ச் சேரணும்" என்றாள்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க மாமா," என்றான் அவன். "ஏத்தத்துல உங்க பொண்ணு ராணி. நான் நாக்கைத் தள்ளிக்கிட்டுப் பின்னாடி வருவேன். இறக்கம் வந்தாத்தான் என் தொப்பைக்கு மரியாதை. விட்டா ஒரே பாய்ச்சல், எங்கயும் நிக்க மாட்டேன். இவ பிரேக்கைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே ஊர்ந்து வருவா."

"ஊர்ந்தாலும் முழுசா வருவேன்ல?" என்றாள் மகள்.

அவன் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு அந்தப் பாலம் நினைவுக்கு வந்திருக்குமா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். வந்திருக்கும். கொஞ்சம் தாமதமாகியிருக்கும்.

மலையிலிருந்து இறங்குவதற்கு இரண்டு சாலைகள். புதிய சாலை அகலம், வளைவும் குறைவு, ஆனால் ஓயாமல் லாரி. பழைய சாலை மரங்களுக்கு நடுவே ஆற்றை நோக்கி இறங்குகிறது. லாரிகளை அதில் விடுவதில்லை. எங்கள் சிறிய பேருந்து ஒன்று மட்டும் போய் வரும். அதன் கடைசி வளைவைத் தாண்டிய உடனே பழைய இரும்புப் பாலம். மேலே தகடுகளை நீளவாக்கில் பதித்திருக்கிறார்கள். தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே சந்து. பேருந்துச் சக்கரத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சைக்கிள் டயர், அதிலும் இவர்கள் வைத்திருப்பது போன்ற மெலிந்த டயர், சரியாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். சக்கரம் நின்றுவிடும். ஆள் நிற்க முடியாது.

இது எனக்குத் தெரிந்தது சைக்கிளில் வீடு வீடாகப் பத்திரிகை போடுகிற ஒருவரால். எங்கள் பேருந்துக்கு முன்னால் அந்தப் பாலத்தில் விழுந்தார். கழுத்து முறிந்துவிட்டது. உங்கள் ஆட்கள் பேருந்து டிரைவரைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். நான் போய்க் குனிந்து பார்த்துத் தகடுகளின் இடைவெளியைக் காட்டினேன். டிரைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொன்னேன், வைத்தார்கள். ஆனால் பலகை நட வந்தவர்கள் ஆற்றின் அக்கரையிலிருந்து வந்தார்கள், அந்தக் கரையிலேயே நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மேலே ஏறிப் போகிறவருக்குத்தான் அது தெரியும். ஏறுகிறவர் எப்படியும் மெதுவாகத்தான் வருவார். இறங்குகிறவருக்கு வளைவு, மரநிழல், பாலம், அவ்வளவுதான். பலகையை மாற்றச் சொல்ல நினைத்தேன், விட்டுவிட்டேன். அப்போது மனதில் ஒன்றுமில்லை. சோம்பல்தான்.

போட்ட பாதையை ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் கொடுப்பது என் வழக்கம் இல்லை. மனைவியையும் கூட்டிக்கொண்டு காரில் போனேன். அவளுக்கு அது உல்லாசப் பயணம். வழியெல்லாம் மகளின் சின்ன வயதுக் கதைகளைச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றாள், அந்த இடத்தையும் குறித்துக்கொண்டேன். பாலத்தில் காரை நிறுத்தி இறங்கினேன். குனிந்து சந்தில் விரல்களை விட்டுப் பார்த்தேன். தாராளமாக நுழைந்தன. யாரும் அதைச் சரிசெய்திருக்கவில்லை.

"என்ன தேடுறீங்க? ஏதாவது விழுந்துருச்சா?" என்று காருக்குள்ளிருந்து கேட்டாள்.

"ஒண்ணும் விழல," என்றேன்.

அவள் இதை உங்களிடம் சொல்லியிருப்பாள். இப்போது தன் தங்கை வீட்டில் இருக்கிறாள். என்னோடு பேசுவதில்லை. நான் அவளோடு பேசாமல் இருப்பது எங்கள் வீட்டில் சகஜம். அவள் பேசாமல் இருப்பதுதான் எனக்குப் புதிது.

வரைபடத்தைக் கொடுத்த அன்று அவன் விரலை வைத்துக் கோட்டின் மேல் ஊர்ந்துகொண்டே வந்தான். ஆற்றின் மேல் விரல் நின்றது.

"இந்தப் பாலம் எப்படி மாமா? ரொம்பப் பழசு போலயே."

"பஸ்ஸே போற பாலம் மாப்பிள்ளை. ஆடாது அசையாது."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நான் யாரிடமும் பொய் சொல்கிறவன் இல்லை. அவன் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "இதுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல மாமா" என்றான். அவன் உள்ளங்கை ஈரமாக இருந்தது. கையை எடுத்துக்கொள்ள நான் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

எனக்கு இருந்த ஒரே கவலை மகள். அவள் பின்னால் மெதுவாகத்தான் வருவாள், ஆனாலும் மெதுவாக வருவது மட்டும் போதாது. அவள் மேலேயே நின்றிருக்க வேண்டும். இறக்கம் தொடங்குகிற இடத்தில் ஒரு சின்னக் கடையும் செல்ஃபோன் கோபுரமும் இருக்கின்றன. அங்கிருந்து இறங்கிவிட்டால் ஆற்றைத் தாண்டும்வரை சிக்னல் கிடைக்காது. "மேல போய்ச் சேந்ததும் எனக்கு ஒரு ஃபோன் பண்ணிட்டு இறங்கு. கீழ சிக்னல் இருக்காது, நான் பயந்துக்கிட்டு இருப்பேன்" என்று அவளிடம் தனியாகச் சொன்னேன். "அப்பாவுக்கு இல்லாத பயமா," என்று என் கன்னத்தைத் தட்டினாள். இறக்கத்தைக் கண்ட பிறகு அவள் பேசி முடிக்கும்வரை அவன் காத்திருக்க மாட்டான். அவனே சொன்னதுதான்.

முதல் நாட்கள் நன்றாகப் போயின. மாலையில் தங்கும் இடத்திலிருந்து இருவரும் பேசுவார்கள். "மாமா, நீங்க போட்டுக் குடுத்தது ரோடு இல்ல, விரிச்ச பாய். வழியெல்லாம் உங்களத்தான் வாழ்த்திக்கிட்டு வரோம்" என்றான். வேலையில் இருந்த காலம் முழுக்க என்னை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. மலை ஏறுவதற்கு முந்தின மாலை, "நாளைக்கு ஏதாவது பாத்துக்கணுமா மாமா?" என்றான். "மேல கடையில தண்ணி ரொப்பிக்கோங்க. கீழ கிடைக்காது" என்றேன். கிடைக்காது என்பது உண்மை.

மறுநாள் காலை ஃபோன் வந்தது.

"அப்பா, மேல வந்துட்டோம். இங்க வந்து பாக்கணும்பா நீங்க. மேகமெல்லாம் காலுக்குக் கீழ இருக்கு."

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சாச்சு."

"அவரு?"

"இறக்கத்தப் பாத்தா அவருக்கு நிக்க முடியுமா? கையைக் காட்டிட்டுப் போயிட்டாரு, குரங்கு."

நான் பேச்சை வளர்த்தேன். டயரில் காற்று இருக்கிறதா, இரவு தங்கிய அறையில் கொசுவா, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். "என்னப்பா இன்னிக்கு இவ்வளவு பேசுறீங்க? உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்றாள். அவள் குரலில் கேலியும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. போதுமான நேரம் ஆகிவிட்டது என்று தோன்றியபோது அவளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"நீ கீழ போறப்ப கடைசி வளைவுக்கு முன்னாடியே இறங்கிரு. பாலத்துல ஓட்டாத, வண்டியத் தள்ளிக்கிட்டுப் போ. தகட்டுக்கு நடுவுல சந்து இருக்கு. டயர் மாட்டிக்கும்."

"சரிப்பா," என்றாள். பிறகு, "அவருகிட்ட சொன்னீங்களா?" என்றாள்.

நான் பேசவில்லை.

எங்கள் வீட்டில் மௌனம் புதிது இல்லை. நான் பேசாமல் இருந்தால் சில நேரம் வேண்டாம் என்று அர்த்தம், சில நேரம் கோபம், சில நேரம் பிறகு பார்க்கலாம் என்பது. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துப் பார்க்க அவள் அம்மாவுக்குக் கடைசிவரை வரவில்லை. மகளுக்கு வரும். அவள் எழுத்துப் படிப்பதற்கு முன்பே அதைப் படித்தவள். ஃபோனில் காற்று இரைந்துகொண்டிருந்தது. கடையில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம்.

"அப்பா. அவருகிட்ட சொன்னீங்களா இல்லையா?"

சொன்னேன் என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நீங்கள் முகத்தைச் சுளிக்கிறீர்கள். நான் பொய் சொல்வதில்லை என்று முன்பே உங்களிடம் சொன்னேன். பழகாத ஒன்று அந்த நேரத்தில் வரவில்லை.

"அப்பா," என்றாள் இன்னொரு முறை. அதில் கேள்வி இல்லை. ஃபோன் எதன்மேலோ விழுந்து உருண்டது. "ஏம்மா, ஃபோன விட்டுட்டுப் போறியே" என்று கடைக்காரர் கூப்பிடுவது கேட்டது. யாரும் அதை அணைக்கவில்லை. நான் காதில் வைத்தபடியே இருந்தேன்.

கீழே நடந்ததை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். அவன் வளைவிலேயே நின்றிருக்கிறான். சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, அவள் வந்ததும் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஆற்றைத் தாண்டலாம் என்று காத்திருந்தானாம். பிரேக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஊர்கிறவள் அன்று பிரேக்கைத் தொடவே இல்லை. அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே வளைவில் வந்திருக்கிறாள். இவன் ஓரத்திலிருந்து குரல் கொடுத்திருக்கிறான். அவள் திரும்பிப் பார்த்திருக்கிறாள். "என்னைப் பாத்ததும் சிரிச்சா சார்" என்று அவன் சொன்னதாகச் சொன்னீர்கள். அவ்வளவு நேரம் போதும். பாலம் அங்கேதான் தொடங்குகிறது.

அவள் உடலை நான் போய்ப் பார்த்தேன். பத்திரிகை போடுகிறவருக்கு எப்படியோ அப்படித்தான். முகத்தில் காயம் இல்லை. நான் கையைத் தொடப் போனபோது என் மனைவி குறுக்கே வந்து நின்றாள். நான் விலகிக்கொண்டேன். அவன் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அப்போதும் அவனுக்கு ஒன்றும் தெரியாது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "மாமா, என்னை மன்னிச்சிருங்க மாமா" என்று என் தோளில் விழுந்து அழுதான். நான் அவனைத் தள்ளவில்லை.

கொல்ல நினைத்தேனா என்று காலையிலிருந்து பல விதமாகக் கேட்டுவிட்டீர்கள். ஆமாம். அவனைக் கொல்லத்தான் பழைய சாலையைப் போட்டேன். பாலத்தைப் பற்றித் தெரிந்தே அவனிடம் சொல்லாமல் விட்டேன். அதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வக்கீல் வேண்டாம்.

ஆனால் என் மகள் விஷயம் வேறு. அதையும் இதையும் நீங்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். நான் அவளுக்கு எங்கே இறங்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். எந்த இறக்கத்திலும் நிற்காதவன் அன்று மட்டும் ஏன் நிற்க வேண்டும்? வழக்கம்போல் போயிருந்தால், அவள் வளைவில் வரும்போதே அவன் பாலத்தில் கிடப்பது தெரிந்திருக்கும். பிரேக் பிடித்திருப்பாள். கொஞ்ச நாள் அழுதிருப்பாள். நான் போய் வீட்டுக்குக் கூட்டி வந்திருப்பேன். சாலையில் போகிற ஒருவரை ஓரத்தில் நின்று கூப்பிட்டுக் கவனத்தைத் திருப்பக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவனுடைய அஜாக்கிரதையால் என் பெண் செத்துப்போனாள். அவன்மேல் என்ன நடவடிக்கை எடுக்கப் போகிறீர்கள் என்பதை மட்டும் எனக்குத் தெரியப்படுத்துங்கள்.